ஓடியது குறைவு, தேய்ந்தது அதிகம்: பழைய எம்ஜிபி காரில் 3, 4ஆம் சிலிண்டர்கள் மட்டும் தளர்ந்திருப்பது ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 1970ஆம் ஆண்டில் தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். 1798 சிசி என்ஜின், எச்எஸ்4 வகை எஸ்யூ கார்புரேட்டர்கள் இரண்டு. ஓடோமீட்டரில் 46,000 மைல் சொச்சம் இருந்தது. முந்தைய உரிமையாளர் பல ஆண்டுகள் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்துவிட்டு, விற்பதற்கு முன் ஒரு பணிமனையில் கொடுத்துக் கார்புரேட்டர்களைப் பிரித்துச் சுத்தம் செய்து, ஆயிலையும் ஃபில்டர்களையும் மாற்றி ஓட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். பராமரிப்புச் சீட்டுகள் ஏறத்தாழ முழுமையாகவே கிடைத்தன.

வாங்கிய புதிதில் ஆயில் அளவு குறையவே இல்லை என்று சொல்லலாம். ஏறக்குறைய 3,000 மைல் ஓட்டிய பிறகு, இப்போது 500 மைலுக்கு ஒரு லிட்டர் அளவுக்கு ஆயிலைக் குடிக்கிறது. மேட்டில் ஏறும்போது பின்னால் நீலப் புகை தெரிகிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கி, மறுபடி மிதிக்கும்போது அப்படித் தனியாகப் புகை வருவதில்லை.

என்ஜினைச் சூடாக்கி, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, திராட்டிலை முழுவதும் திறந்துவைத்துக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்த்தேன். முதல் சிலிண்டரிலிருந்து வரிசையாக 152, 150, 112, 108 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி ஆயிலை ஊற்றி மறுபடி பார்த்ததில், முதல் இரண்டும் சற்றே ஏறின. 3, 4ஆம் சிலிண்டர்கள் 140ஐத் தாண்டின. ஆயில் அழுத்தம் சூடான நிலையில் ஓடும்போது 55 பிஎஸ்ஐ, ஐடிலில் 20. தட்டும் ஓசை எதுவும் இல்லை. 20டபிள்யூ-50 மினரல் ஆயில்தான் பயன்படுத்துகிறேன்.

என்ஜினைப் பிரித்தாக வேண்டும் என்பது எனக்கே தெரிகிறது. ஆனால் இவ்வளவு குறைவாக ஓடிய என்ஜின், அதிலும் என் கைக்கு வந்த பிறகு இத்தனை வேகமாக, எதனால் தேய்ந்தது என்று தெரியாமல் புதிய பிஸ்டன்களைப் போட்டால் அவற்றுக்கும் அதே கதிதானே நேரும்? பிரிப்பதற்கு முன்னால் எவற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

வணக்கம் நண்பரே. முதலில் அந்த 46,000 மைலை நம்புவதை நிறுத்துங்கள். அந்தக் காலத்து ஓடோமீட்டருக்கு மைல் இலக்கங்கள் ஐந்துதான். 99,999க்குப் பிறகு மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்கும். ஆகவே உங்கள் வண்டி 1,46,000 மைல் ஓடியதாகவும் இருக்கலாம். பெடல் ரப்பரின் தேய்மானம், கதவுக் கீல்களின் தொய்வு, ஸ்டியரிங் வளையத்தின் மழமழப்பு ஆகியவற்றைப் பாருங்கள். சீட்டுகளைவிட அவை உண்மை பேசும்.

இரண்டாவது, ஆயில். இன்றைய ஆயில்களில் இசட்டிடிபி எனப்படும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மத்தை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். இந்த என்ஜினில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டின் மேல் டாப்பெட்டுகள் உராய்ந்துதான் நகர்கின்றன; உருளை கிடையாது. அந்தச் சேர்மம் இல்லாவிட்டால் தேய்மானம் விரைவாகத்தான் இருக்கும். காரணம் தேடிக் காலத்தைக் கழிக்காமல், என்ஜினை இறக்கி ரீபோர் செய்து (சிலிண்டர்களைப் பெரிதாகக் கடைந்து), கேம்ஷாஃப்டையும் டாப்பெட்டுகளையும் மாற்றி, பழைய வண்டிகளுக்கென்று விற்கப்படும் ஆயிலை ஊற்றி ஓட்டுங்கள்.

பதில் 2

மேலே நண்பர் சொன்ன ஓடோமீட்டர் எச்சரிக்கை பொதுவாகச் சரியானதே. ஆனால் இந்த என்ஜின் காட்டும் அறிகுறிகளுக்கு அந்த விளக்கம் பொருந்தவில்லை. ஒன்றரை லட்சம் மைல் ஓடிய என்ஜினாக இருந்தால் நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தளர்ந்திருக்கும். கிராங்க் பேரிங்குகளும் தேய்ந்து, சூடேறியதும் ஆயில் அழுத்தம் விழுந்திருக்கும். இங்கோ முதல் இரண்டு சிலிண்டர்கள் நல்ல நிலையில் இருக்கின்றன, ஆயில் அழுத்தமும் குறைசொல்ல இடமில்லாமல் இருக்கிறது. மைல் கணக்கு நான்கு சிலிண்டருக்கும் பொதுவானது. அது இரண்டை மட்டும் தேய்க்காது.

ஆயிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2004இல் வந்த ஏபிஐ எஸ்எம் என்ற என்ஜின் ஆயில் தரம் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்கு மிகாமல் கட்டுப்படுத்தியது உண்மை. ஆனால் அந்த உச்சவரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களுக்குத்தான். 20டபிள்யூ-50 அதற்குள் வராது. அப்படியே சேர்மம் குறைவான ஆயில்தான் ஊற்றப்பட்டது என்று வைத்துக்கொண்டாலும், முதலில் தேய்வது கேம் முனைகளும் டாப்பெட்டுகளின் அடிப்பரப்புமே. வால்வு இடைவெளி அடிக்கடி கூடுவதும், ஒரு வால்வு மட்டும் குறைவாகத் திறப்பதும் அதன் அடையாளங்கள். இரண்டு சிலிண்டர்களின் ரிங்குகளை (பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே அடைக்கும் வளையங்களை) மட்டும் அது தேடிப்பிடித்துத் தேய்க்காது.

இனி உங்கள் எண்களுக்கு வருகிறேன். குறைந்தது 108, உயர்ந்தது 152. உயர்ந்த அளவின் முக்கால் பங்குக்கும் கீழே போனால் கோளாறு என்பது பொதுவான கணக்கு; அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே வந்துவிட்டீர்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒருசேரக் குறைந்தால், அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்கிறது என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் கேஸ்கெட்டோ வால்வோ காரணமாக இருந்தால், ஊற்றிய ஆயில் கம்ப்ரஷனை இந்த அளவுக்குத் தூக்கிவிடாது. ஆயில் ஊற்றியதும் ஏறியது என்றால் கசிவு ரிங்குகளின் வழியாகத்தான். இறக்கத்துக்குப் பின் புகை இல்லை, ஏற்றத்தில் மட்டும் இருக்கிறது என்று நீங்கள் கவனித்ததும் வால்வுத் தண்டு நகரும் கைடுகளை விட்டு ரிங்குகளையே சுட்டுகிறது.

ஏன் 3உம் 4உம் மட்டும்? இந்த என்ஜினின் சிலிண்டர் ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து இரண்டே உள்வழிகள். முன்பக்க வழி 1, 2க்கும் பின்பக்க வழி 3, 4க்கும் பொது. முன் கார்புரேட்டர் முதல் இரண்டுக்கும் பின் கார்புரேட்டர் மற்ற இரண்டுக்கும் ஊட்டுகிறது. நடுவிலுள்ள இணைப்புக் குழாய் வழியாகப் போய்வருவது சொற்பம். ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் தனித்தனி ஏர் ஃபில்டர் டப்பா உண்டு. ஆகவே உங்கள் என்ஜினில் நல்ல பாதிக்கும் கெட்ட பாதிக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு, இரண்டு கார்புரேட்டர்களுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடேதான். பின்பக்கக் கார்புரேட்டர் வழியாக ஏதோ ஒன்று உள்ளே போகிறது என்பது என் கணிப்பு. அது ஒன்று அளவு மீறிய பெட்ரோலாக இருக்க வேண்டும், அல்லது தூசியாக இருக்க வேண்டும்.

பெட்ரோல் என்றால்: எச்எஸ்4இல் சோக் கம்பியை இழுக்கும்போது ஜெட் கீழே இறங்கிக் கலவையை அடர்த்தியாக்குகிறது, சோக்கைத் தள்ளியதும் அது மேலே திரும்ப வேண்டும். பின் கார்புரேட்டரின் ஜெட் மட்டும் கீழேயே ஒட்டிக்கொண்டால் 3, 4க்கு எப்போதும் பெட்ரோல் அதிகமாகப் போகும், அது சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிடும், ரிங்குகள் வறண்ட சுவரில் ஓடும். கார்புரேட்டரின் அடியில் விரலை வைத்து ஜெட்டை மேலே தள்ளிப் பாருங்கள். சோக் உள்ளே இருக்கும்போது அது இம்மியும் நகரக் கூடாது. டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வருகிறதா என்றும் முகர்ந்து பாருங்கள். அந்த இரண்டு பிளக்குகளில் படிந்திருக்கும் கறுப்பு, விரலில் மைபோல ஒட்டும் உலர்ந்த கரியா, மினுமினுக்கும் ஈர ஆயிலா என்பதும் முக்கியம். முன்னது அதிகப் பெட்ரோலைக் காட்டும், பின்னது ரிங் வழியே ஏறும் ஆயிலைக் காட்டும்.

தூசி என்றால்: பின்பக்க ஃபில்டர் டப்பாவைத் திறந்து, பேப்பர் ஃபில்டரின் இரண்டு விளிம்புகளும் சுற்றிலும் அழுந்தியிருந்த தடம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு அதன் தூய பக்கத்தை, அதாவது ஃபில்டரைத் தாண்டிக் கார்புரேட்டர் வாய்வரை உள்ள சுவரை, ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். அங்கே எதுவும் ஒட்டக் கூடாது. கார்புரேட்டருக்கும் டப்பாவுக்கும் நடுவே உள்ள கேஸ்கெட்டையும் மறக்க வேண்டாம். பணிமனைகளில் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டும்போது விட்டுப்போகும் சாமான் அதுதான்.

இவற்றோடு, பயன்படுத்திய ஆயிலின் மாதிரியை ஓர் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சிலிக்கான், அலுமினியம், இரும்பு மூன்றும் சேர்ந்து உயர்ந்திருந்தால் தூசி. மண்ணின் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும்தான். பெட்ரோல் கலப்பு உயர்ந்து பாகுநிலை இறங்கியிருந்தால் கார்புரேட்டர். ஈயமும் செம்பும் உயர்ந்திருந்தால் பேரிங். உங்கள் ஆயில் அழுத்தத்தைப் பார்த்தால் அதை நான் எதிர்பார்க்கவில்லை. சோடியமோ பொட்டாசியமோ தென்பட்டால் குளிரூட்டும் நீர் கலக்கிறது என்று பொருள். ஆயில் ஃபில்டரையும் வெட்டி, மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் ரிங், சிலிண்டர், கேம் ஆகியவற்றிலிருந்து வருவது. ஒட்டாமல் மின்னுவது பிஸ்டன் அல்லது பேரிங்கிலிருந்து வருவது.

பதில் 3

மேலே சொன்னவற்றில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. ஆனால் வண்டி பல ஆண்டுகள் நின்றுகிடந்தது என்ற தகவலை யாரும் எடுத்துக்கொள்ளவில்லையே. நிற்கும் என்ஜினில், வால்வு திறந்த நிலையில் உள்ள சிலிண்டர்களுக்குள் ஈரக்காற்று போய்வரும். ரிங்குகள் நின்ற இடத்தில் சுவர் துருப்பிடிக்கும். மறுபடி ஓட்டும்போது அந்தத் துரு உப்புத்தாள்போல ரிங்குகளைச் சுரண்டும்.

“அப்படியானால் அடுத்தடுத்த 3, 4இல் மட்டும் எப்படி?” என்று கேட்கலாம். இந்த என்ஜினின் எரிவரிசை 1-3-4-2. முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் நிற்கும்போது 2 பவரிலும், 4 எக்ஸாஸ்டிலும், 3 இன்டேக்கிலும் இருக்கும். அதாவது அந்த நிலையில் நின்றால், 3இன் உள்வால்வும் 4இன் வெளிவால்வும்தான் திறந்திருக்கும். கார்புரேட்டர் எதுவும் செய்யாமலேயே இதே இரண்டு சிலிண்டர்கள் கெடுவதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது. ஆகவே எல்லைக்கோடு பொருந்துகிறது என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

பிளக் துளை வழியாகப் போரஸ்கோப்பை (மெல்லிய குழாய்க் கேமராவை) விட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். நின்ற துரு என்றால், பிஸ்டன் நின்ற உயரத்தில் சுவரைச் சுற்றி ஒரு வளையம்போலக் குழிகளும் கறையும் இருக்கும். அதற்கு மேலும் கீழும் சுவர் ஓரளவு நன்றாக இருக்கும். தூசி என்றால், சுவரின் மேற்பகுதி, முக்கியமாக மேல் ரிங் திரும்பும் இடம், மங்கிய சாம்பல் நிறத்தில் நெடுக்குக் கீறல்களோடு இருக்கும். ஹோனிங் செய்த (சாணைக்கல்லால் சுவரைத் தீட்டிய) குறுக்குக் கோடுகள் அங்கே அழிந்து, கீழே மட்டும் மிஞ்சியிருக்கும். பிஸ்டனைக் கீழே இறக்கிவைத்துவிட்டு நான்கு சிலிண்டர்களையும் பாருங்கள். நல்ல இரண்டைப் பார்த்தால்தான் கெட்டது எவ்வளவு கெட்டது என்பது கண்ணுக்குப் பிடிபடும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

பின் கார்புரேட்டரின் ஜெட் முழுவதும் மேலேதான் இருக்கிறது. விரலால் தள்ளினால் அசைவில்லை. டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை இல்லை. 3, 4இன் பிளக்குகளில் இருப்பது ஈரமான, மினுமினுக்கும் கறுப்பு.

போரஸ்கோப்பில் வளையம் எதுவும் தெரியவில்லை. 1, 2இல் குறுக்குக் கோடுகள் உச்சி வரைக்கும் இருக்கின்றன. 3, 4இல் மேலேயிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மங்கிப்போய், மெல்லிய நெடுக்குக் கீறல்கள் நெருக்கமாக இருக்கின்றன. விளிம்பை ஒட்டி, தேயாமல் மேடாக நிற்கும் ஒரு சிறு திட்டும் தெரிகிறது.

பின்பக்க ஃபில்டர் டப்பாவைக் கழற்றியபோது விடை கையிலேயே கிடைத்தது என்று நினைக்கிறேன். டப்பாவுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே கேஸ்கெட் இல்லை. அதோடு பேப்பர் ஃபில்டர் அந்த டப்பாவுக்கு உரிய உயரத்தைவிடக் குட்டையானது. ஒரு விளிம்பில் மட்டும் அழுந்திய தடம் இருக்கிறது, மறு விளிம்பு தொட்டதே இல்லை. தூய பக்கத்தைத் துடைத்த துணியில் பழுப்பு நிறப் பொடி. முன்பக்கத்தில் சரியான உயரமுள்ள ஃபில்டரும் கேஸ்கெட்டும் இருக்கின்றன, துணி வெள்ளையாகவே வந்தது.

ஆய்வக அறிக்கையும் வந்துவிட்டது. சிலிக்கான் 58 பிபிஎம் (பத்து லட்சத்தில் 58 பங்கு), அலுமினியம் 21, இரும்பு 140. மூன்றையும் அதிகம் என்று குறித்திருக்கிறார்கள். பெட்ரோல் கலப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஈயம், செம்பு, சோடியம் எல்லாம் வழக்கமான அளவில்.

இப்போது என் ஐயம் வேறு. ஹெட்டைக் கழற்றி, 3, 4இல் புதிய ரிங்குகளை மட்டும் போட்டு, சுவரை இலேசாக ஹோனிங் செய்தால் போதுமா? அல்லது நான்கையும் ரீபோர் செய்தே ஆக வேண்டுமா?

பதில் 2

சிலிக்கான் மட்டும் தனித்து உயர்ந்திருந்தால், அண்மையில் எங்காவது பூசிய சிலிக்கான் சீலன்டிலிருந்து வந்திருக்கலாம் என்று தயங்கியிருப்பேன். அலுமினியமும் இரும்பும் உடன் ஏறியிருப்பதும், துணியில் வந்த பொடியும், மேல் மூன்றிலொரு பங்கு மட்டும் மங்கியிருப்பதும் சேர்ந்து நிற்கின்றன. காற்றோடு வரும் தூசி முதலில் மேல் ரிங்கையும் சுவரின் உச்சியையும்தான் தாக்கும். பேரிங் உலோகங்கள் உயராதது, ஆயிலுக்குள் போன தூசி கிராங்கை இன்னும் பெரிதாகக் கெடுக்கவில்லை என்று காட்டுகிறது. ஆகவே, சரியான ஃபில்டர் போட்டாகிவிட்டது என்று இதே ஆயிலோடு வண்டியை ஓட்ட வேண்டாம்; உள்ளே போன மண் இன்னும் அதில்தான் இருக்கிறது.

ரிங் மட்டும் போதுமா என்பதை அளவெடுக்காமல் யாரும் சொல்ல முடியாது. போர் கேஜ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு புதிய ரிங்கை எடுத்து, பிஸ்டனின் தலையால் சமமாகத் தள்ளி, முதலில் சுவரின் அடிப்பகுதியில், ரிங்குகள் எட்டாத இடத்தில் வைத்து, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே ரிங்கை மேல் ரிங் திரும்பும் இடத்தில், விளிம்புத் திட்டுக்குச் சற்றுக் கீழே வைத்து அளக்க வேண்டும். இரண்டு இடைவெளிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால், சுவர் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது விட்டக் கணக்கில் கிடைக்கும். இடைவெளி 0.25 மி.மீ. கூடியிருந்தால் விட்டம் ஏறத்தாழ 0.08 மி.மீ. கூடியிருக்கிறது. இந்த முறை சராசரியைத்தான் காட்டும். தேய்மானம் பிஸ்டன் அழுந்தும் பக்கவாட்டில் அதிகமாகவும் என்ஜினின் நீளவாக்கில் குறைவாகவும் இருப்பதால், உண்மை நிலை இதைவிடச் சற்று மோசமாகவே இருக்கும். 0.1 மி.மீ.யை நெருங்கினால் ரிங் மட்டும் மாற்றுவதில் பயனில்லை. மேலே அகலமும் கீழே குறுகலுமான சுவரில் புதிய ரிங் பிஸ்டனின் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் விரிந்து சுருங்கிக் களைத்துப்போகும்.

பழைய பிஸ்டன்களையும் அளவெடுக்காமல் திரும்பப் போட வேண்டாம். தூசி ரிங்கைத் தேய்க்கும்போது ரிங் உட்காரும் பள்ளத்தையும் தேய்த்திருக்கும். பள்ளம் அகன்ற பிஸ்டனில் புதிய ரிங் மேலும் கீழும் ஆடி, ஆயிலைப் பம்ப் செய்துகொண்டே இருக்கும். நீங்கள் எல்லாவற்றையும் புதிதாக்கியும் புகை நிற்காமல் போவதற்கு இது ஒன்றே போதும். திட்டைச் சரிசெய்யாமல் புதிய ரிங் போட்டால், கூர்மையான விளிம்புள்ள புதிய மேல் ரிங் திட்டில் முட்டி உடையவும் கூடும். ரீபோர் என்று முடிவானால் நான்கையும் ஒரே அளவுக்குச் செய்யுங்கள், 0.020, 0.040 அங்குலம் கூடுதலான பிஸ்டன்கள் இந்த என்ஜினுக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. பிஸ்டன்களைக் கையில் வாங்கி, அவற்றை அளந்த பிறகே சிலிண்டர்களைக் கடையச் சொல்ல வேண்டும். பல பணிமனைகள் இதை மாற்றிச் செய்கின்றன.

பதில் 3

துரு பற்றிய என் ஐயத்தைப் போரஸ்கோப் தீர்த்துவிட்டது. வளையம் இல்லை என்றால் அந்தப் பேச்சு முடிந்தது. இரண்டு விஷயங்களை மட்டும் சேர்க்கிறேன்.

ஒன்று, உங்கள் ஆண்டு மாடலில் கிராங்க்கேஸுக்குள் போகும் புதிய காற்று, ராக்கர் கவரின் மேலுள்ள ஆயில் மூடி வழியாகத்தான் போகிறது; அந்த மூடிக்குள்ளேயே ஒரு சிறிய ஃபில்டர் உண்டு. காலாகாலத்தில் மூடியையே மாற்ற வேண்டும். பின்பக்க ஃபில்டரை இப்படிக் கோட்டைவிட்டவர்கள் இதையும் கவனித்திருக்க மாட்டார்கள். இன்டேக் மேனிஃபோல்டையும் கழற்றி நன்றாகக் கழுவுங்கள். சுவரில் ஆயில் பூச்சோடு ஒட்டியிருக்கும் மண், புதிய ரிங்குகள் படியும் முதல் சில மணி நேரத்திலேயே உதிர்ந்து உள்ளே போகும். ஹோனிங்குக்குப் பிறகு சிலிண்டர் சுவர்களைப் பெட்ரோலால் அல்ல, சூடான சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கும் வரைக்கும் விடாமல் துடைத்து, உடனே ஆயில் பூச வேண்டும். பெட்ரோல் எண்ணெய்ப் பசையை எடுக்குமே தவிர, நுண்குழிகளில் சிக்கிய ஹோனிங் பொடியைத் தூக்கிக்கொண்டு வராது.

இரண்டு, ஓட்டத் தொடங்கிய பின் ஃபில்டரின் தூய பக்கச் சுவரில் இலேசாக கிரீஸ் தடவிவிட்டு, சில நாள் கழித்து விரலால் தொட்டுப் பாருங்கள். நறநறவென்றிருந்தால் எங்கோ இன்னும் கசிகிறது. முதல் ஆயில் மாதிரியில் இரும்பும் சிலிக்கானும் எப்படியும் கூடுதலாகத்தான் இருக்கும், ஏனென்றால் புதிய ரிங்குகள் படிவதும் புதிதாகப் பூசிய சீலன்டும் அதில் தெரியும். எனவே முதல் அறிக்கையைப் பார்த்துக் கலங்காமல், இரண்டாவது ஆயில் மாற்றத்தின்போது எடுக்கும் மாதிரியை இப்போதைய அறிக்கையோடு ஒப்பிடுங்கள்.